குடோனுக்கு ஜனவரியில் வரும் கிறிஸ்துமஸ்

(மும்பை தாராவியில் டிசம்பர் முதல் ஞாயிறன்று நடைபெற்ற சங்கக் குடும்ப விழாவில், பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உழைத்துவரும் மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

கிறிஸ்துமஸ் விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் தம்பி கேட்டபோது, "எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது, குப்பையைப் பற்றித்தான் தெரியும்" என்றேன். "அதைப் பற்றியே பேசுங்கள் அக்கா" என்று சொல்லி மாட்டிவிட்டார். நல்ல நாளும் அதுவுமாகக் குப்பையைப் பற்றியா பேச வேண்டும் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நல்ல நாள் முடிந்த மறுநாள் அந்தக் குப்பையைச் சுமப்பவர்கள் யார்? நாம்தானே!

உங்கள் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஆம் தேதி வரும். எங்கள் குடோனுக்கு அது ஜனவரியில்தான் வரும். புத்தாண்டு முடிந்த கையோடு மால்களும் ஓட்டல்களும் அலங்காரத்தைப் பிரித்துப் போடுவார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் வீடுகளிலும் பிரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் பங்கார்வாலாக்கள், ஊரில் காயலான் கடைக்காரர் என்போமே அவர்கள்தான், கோணி கோணியாகக் கொண்டுவந்து எங்கள் முன்னால் கொட்டுவார்கள். டிசம்பர் மாதம் பாந்திரா ஹில் ரோட்டில் கண்ணைப் பறித்த சரக்கெல்லாம், கிராபர்ட் மார்க்கெட்டில் கூட்டம் முட்டி மோதி வாங்கிய சரக்கெல்லாம், ஜனவரியில் எங்கள் காலடியில் கிடக்கும்.

அந்தக் கோணியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஜிகினாத் தோரணம். பார்வைக்கு வெள்ளிபோல மின்னும். உண்மையில் அது பிளாஸ்டிக் ஏட்டின்மேல் உலோகப் பூச்சுப் பூசியது. எந்த வியாபாரியும் அதை வாங்க மாட்டான். கவனிக்காமல் கிரைண்டருக்குள் போய்விட்டால் தண்டைச் சுற்றிக்கொண்டு இயந்திரமே நின்றுவிடும். நின்ற இயந்திரத்துக்குள் கையை விட்டு அந்த நூலைப் பிடுங்க வேண்டும். அப்படிப் பிடுங்கப்போய் எங்கள் குடோனில் ஒரு தங்கச்சிக்கு இரண்டு விரலின் நுனி போயிற்று. அது விபத்து என்றார்கள். முதலாளி நூறு ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவ்வளவுதான்.

அடுத்தது தெர்மோகோல். அதில் பெரும்பகுதி காற்று. ஒரு கோணி நிறையத் திணித்தாலும் எடை நிற்காது. எடைக்கு விலை கிடைக்காத பொருளை யார் வண்டி வைத்து ஏற்றுவார்கள்? எனவே அது உடைந்து, மணிமணியாக உதிர்ந்து, சாக்கடையில் மிதந்து, மித்தி நதிக்குள் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது பிளாஸ்டிக் மரம். அதன் பச்சை ஊசியிலை பெரும்பாலும் பி.வி.சி. எங்கள் தொழிலில் பி.வி.சி. என்றால் வில்லன். தண்ணீர்ப் பாட்டில்கள் செய்கிற பெட் பிளாஸ்டிக்கோடு அது கொஞ்சம் கலந்துவிட்டாலும், உருக்கும்போது சரக்கு முழுவதையும் கெடுத்துவிடும். மரத்தின் நடுவில் முறுக்குக் கம்பி இருக்கிறது. கம்பிக்கு மட்டும்தான் விலை. அந்தக் கம்பிக்காக மரத்தைக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது வரும் புகையில் அமிலம் இருக்கிறது, டயாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சீரியல் விளக்குகளையும் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக இப்படித்தான் எரிக்கிறார்கள். அந்தப் புகையை யார் சுவாசிக்கிறார்கள்? ஹில் ரோட்டில் கேக் வாங்கினவர்களா? சந்துக்குள் தொட்டில் கட்டிப் பிள்ளையை உறங்கவைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள்!

திறந்தால் பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுவது எதனால்? உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியால். அட்டையைக் கிழித்துப் பேப்பரோடு போட்டுவிடுகிறோம், பேட்டரி தரையில் உருண்டு கிடக்கிறது. தரம் பிரிக்கும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்கிற தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், தொண்டைக்குள் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை வெந்துபோகச் செய்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலே நான் மேடை ஏறியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

இதையெல்லாம் சொல்வதால் நான் பண்டிகைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் நெல்லைச் சீமையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். இந்தக் குற்றம் ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. தீபாவளிப் பட்டாசுக் குப்பையையும், கணபதி பந்தல் அலங்காரத்தையும் பிரித்து எடுப்பது இதே கைகள்தான். இன்று கிறிஸ்துமஸ் விழா என்பதால் கிறிஸ்துமஸைப் பேசுகிறேன். என் வீட்டுப் பண்டிகையை நானே கேள்வி கேட்கலாம் அல்லவா?

இந்தப் பண்டிகையின் கதை என்ன? பேர்பதிவுக்காகச் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்ட ஓர் ஏழைத் தச்சன். நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு பெண். போன ஊரில் சத்திரத்தில் இடமில்லை. மாடுகள் தீனி தின்னும் தொட்டியில் பிள்ளையைக் கிடத்துகிறார்கள். பிழைக்க வந்த ஊரில் "இடமில்லை" என்ற சொல்லைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்! வாடகைக்கு வீடு கேட்டுப் போய் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பாத தமிழன் இந்த ஊரில் உண்டா? ஆக, இது நம்மைப்போன்ற ஒரு குடும்பத்தின் கதை.

1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் இந்தக் கதையைப் பாமர மக்கள் கண்ணாரக் காண வேண்டும் என்று ஒரு குடில் அமைத்தார். அதில் என்ன வைத்தார்? வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. விழா முடிந்ததும் வைக்கோலை மாடு தின்றிருக்கும். குப்பை என்று ஒன்று மிஞ்சியிருக்காது. எண்ணூறு ஆண்டுகள் கழித்து நாம் அதே தொழுவத்தைத் தெர்மோகோலில் செய்கிறோம். வைக்கோலைக்கூடப் பிளாஸ்டிக்கில் வாங்குகிறோம்!

இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. சாண்டா கிளாஸ் தாத்தாவையே பாருங்கள். இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா என்ற ஊரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கொலாஸ் என்ற ஆயரை வைத்து எழுந்த உருவம் அது. ஏழைகளுக்கு மறைவாக உதவினார் என்பதுதான் அவருடைய பெருமை. அந்த உருவத்தைத் தொந்தியும் சிரிப்பும் சிவப்பு உடையுமாக 1931 முதல் ஆண்டுதோறும் விளம்பரத்தில் போட்டு உலகமெல்லாம் பரப்பியதில் பெரும் பங்கு கோகோ கோலா கம்பெனிக்கு உண்டு. சிவப்பு உடையை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அது முன்பே இருந்தது. ஆனால் மறைவாகக் கொடுத்தவரை, "வாங்கு, வாங்கு" என்று மணியடிக்கிற விற்பனையாளராக நிறுத்தியது வியாபாரம்தான்.

இன்று உலகத்தின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும்பகுதி சீனத்தின் யிவு என்ற நகரத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலிருந்தும் வருகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், நம்மைப்போல. தெர்மோகோல் பனிப்பூவுக்குச் சிவப்புத் தூள் அடிக்கும் தொழிலாளி ஒருவர் தலை முதல் கால்வரை சிவப்பாக நிற்கும் படம் 2014-ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஒரு நாளைக்குப் பல முகக்கவசங்களை மாற்ற வேண்டியிருந்ததாம். அந்தப் பொருளின் பிறப்பில் அவர் தூசி தின்கிறார். அதன் சாவில் நாம் தூசி தின்கிறோம். இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் அது யாருடைய வீட்டிலோ மின்னுகிறது. லாபம் மட்டும் இந்த இரண்டு பக்கத்துக்கும் வருவதில்லை.

இப்போது என் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் மூங்கிலைச் சிம்பாகச் சீவி, நூலால் கட்டி, மைதாப் பசை காய்ச்சி, வண்ணத்தாள் ஒட்டி அண்ணன்மார் நட்சத்திரம் செய்வார்கள். உள்ளே மெழுகுவத்தி வைப்பார்கள். சில சமயம் அதுவே தீப்பிடித்து எரியும். அதைப் பார்த்தும் சிரிப்போம். மரத்துக்கு ஒரு சவுக்குக் கிளையை வெட்டிவந்து மண் நிரப்பிய தகரடின்னில் ஊன்றுவார்கள். முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் பனையோலைக் கொட்டானில் வீட்டுக்கு வீடு போகும். கொட்டான் நைந்துபோனால் அடுப்பெரிக்கலாம். அந்தக் காலம் சொர்க்கமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பசி இருந்தது. எந்தத் தெருவுக்குள் பலகாரம் போகலாம், எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்ற சாதிக் கொடுமை இருந்தது. அதனால்தானே ரயிலேறினோம்! ஆனால் அந்தப் பண்டிகை யாரையும் கடனாளி ஆக்கவில்லை, யார் விரலையும் வாங்கவில்லை.

இங்கே வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு, சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் கேட்டாள்: "அம்மா, எல்லார் வீட்டிலும் மரம் இருக்கே, நம்ம வீட்டில் ஏன் இல்லை?" தாய் மனம் கேட்குமா? கைபேசியில் பார்த்து, மரம், விளக்குச் சரம், பேசுகிற சாண்டா பொம்மை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குத் தவணையில் வாங்கினேன். மூன்று பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் குமிழ்த் தாள், அதற்குமேல் சுற்றிச் சுற்றி டேப். கொண்டுவந்து கொடுத்த பையன் பக்கத்துச் சந்துப் பையன்தான். இரவு பதினொரு மணிக்குப் பசியோடு நின்றான், தண்ணீர் கொடுத்தேன்.

பொம்மை பத்தாம் நாள் பேச்சை நிறுத்தியது. விளக்கில் பாதி எரியவில்லை. நம் வீடு பத்துக்குப் பத்து. மரத்தை எங்கே வைப்பது? பரணில் வைத்தோம். அடுத்த மழையில் கூரை ஒழுகிப் பூஞ்சணம் பிடித்தது. தூக்கிப் போட்டேன். கடைசித் தவணையை நான் கட்டும்போது மரம் வீட்டில் இல்லை. சில நாள் கழித்துக் குடோனில் ஒரு கோணியைக் கவிழ்த்தபோது அதேபோல ஒரு மரம் விழுந்தது. அது என் மரமேதானா என்று எனக்குத் தெரியாது. கம்பெனி அதேதான். அதைக் கையில் எடுத்து இலையைப் பிய்க்க உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, தோழர்களே. என் கூலியைக் கொடுத்து எனக்கே வேலை வாங்கிக்கொண்டேன். அதுவும் கூலி இல்லாத வேலை!

இங்கே ஒரு கேள்வி எழும். எங்கள் குடோனிலேயே ஒரு பெரியவர் கேட்டார்: "குப்பை குறைந்தால் நம் பிழைப்பு என்னாவது? ஊரார் தூக்கிப் போடுவதால்தானே நம் உலை கொதிக்கிறது?" நியாயமான கேள்வி. பதிமூன்றாம் காம்பவுண்டை நம்பி எத்தனை குடும்பம் வாழ்கிறது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் நம் உலை எதனால் கொதிக்கிறது? அட்டைப் பெட்டியால், பெட் பாட்டிலால், வாளியும் நாற்காலியும் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால், இரும்பால், செம்பால். இவற்றுக்கு விலை உண்டு. ஜிகினாவுக்கும் தெர்மோகோலுக்கும் பளபளத் தாளுக்கும் விலை கிடையாது. எங்களுக்குக் கூலி, தரம் பிரித்த நல்ல சரக்கின் எடைக்கு. ஒரு கோணியில் பாதி ஜிகினா என்றால் பாதி நேரம் சும்மா உழைக்கிறோம் என்று அர்த்தம். நல்ல அட்டைப் பெட்டிகூடக் கேக் கிரீமும் பிரியாணி எண்ணெயும் பட்டு ஊறிப்போய் விலை இறங்கிவிடுகிறது. ஆகவே பண்டிகைக் குப்பை நமக்குச் சோறு போடுகிறது என்பது கதை. அது நம் சோற்றைப் பறிக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும். "மால்காரன் இருபது அடி மரம் வைக்கிறான், அவனைக் கேட்காமல் எங்கள் வீட்டுச் சின்ன நட்சத்திரத்தைக் கேட்கிறாயா?" கேட்கத்தான் வேண்டும், அவனையும் கேட்கத்தான் வேண்டும். இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மோகோலுக்குத் தடை. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், உறிஞ்சுகுழல், இனிப்புப் பெட்டிமேல் சுற்றும் பிளாஸ்டிக் ஏடு எல்லாவற்றுக்கும் தடை. நம் மகாராஷ்டிரத்தில் அதற்கு முன்பே, 2018-லேயே தடை ஆணை வந்தது. ஆனாலும் டிசம்பரில் கடைக்குப் போனால் கிடைக்கிறதா இல்லையா? சட்டம் செய்தவன் கையில் இருக்கிறது, சரக்கு விற்பவன் கையில் இருக்கிறது, அபராதம் மட்டும் தள்ளுவண்டிக்காரன் தலையில் விழுகிறது. விற்பவன் மேல் மட்டும் கை வைத்தால் போதாது. செய்பவனைப் பிடிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நமக்கு விலை இல்லை என்று நாம் ஒதுக்குகிற சரக்கு எங்கே போகிறது? இந்த நகரம் நாளொன்றுக்கு ஆறாயிரம் டன்னுக்கு மேல் குப்பையை வெளியேற்றுகிறது. பெரும்பகுதி காஞ்சூர்மார்க்குக்குப் போகிறது, ஒரு பகுதி தேவனாருக்குப் போகிறது. தேவனார் குப்பைமேடு 1927-இல் தொடங்கியது. நம் பாட்டன்மார் இந்த ஊருக்கு வந்த காலத்திலிருந்து கொட்டுகிறார்கள். அங்கே சேர்ந்து கிடக்கும் பழைய குப்பை சுமார் 185 இலட்சம் டன் என்று, 2025-இல் அதை அகற்ற ஒப்பந்தப்புள்ளி கோரியபோது மாநகராட்சியே கணக்குச் சொன்னது. 2016 ஜனவரிக் கடைசியில் அந்த மேடு தீப்பிடித்தது. நாள்கணக்கில் எரிந்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்த படத்தில்கூட அந்தப் புகை தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். கோவண்டியிலும் செம்பூரிலும் இருக்கிற நம் சொந்தபந்தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீடுகளுக்கு ஓடி வந்தது நினைவிருக்கிறதா?

அதற்கு முன் 2005 ஜூலை 26. ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி நதி நம் வீட்டுக்குள் வந்தது. வானம் கொட்டியதும், ஆற்றை நெருக்கிக் கட்டடம் கட்டியதும் பெரிய காரணங்கள். பிளாஸ்டிக் அடைத்த சாக்கடைகளும் அதில் ஒரு காரணம். கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றி வைத்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு முடியவில்லை. தாராவி மறுசீரமைப்பில் இங்கேயே வீடு பெறத் தகுதி இல்லை என்று சொல்லப்படுகிறவர்களைக் குடியமர்த்த, தேவனார் குப்பைமேட்டு நிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏக்கரை ஒதுக்க 2024-இல் மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது. தகுதி இல்லாதவர்கள் யார்? மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், பின்னால் வந்தவர்கள், காகிதம் வைத்திருக்காதவர்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர்!

இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஊருக்குள் குப்பைக்கு இடமில்லை என்று தேவனாருக்கு அனுப்பினார்கள். ஊருக்குள் நமக்கும் இடமில்லை என்று அதே தேவனாரைக் காட்டுகிறார்கள். இந்த டிசம்பரில் நாம் வாங்கி, ஜனவரியில் வீசுகிற ஜிகினாவின் மேல் நாளை நம் பேரப்பிள்ளையின் தொட்டில் ஆட வேண்டுமா? சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டே, இடம் கிடைக்காத மனிதர்களைக் குப்பைமேட்டுக்குத் தள்ளுகிற நகரத்தை நாம் கேள்வி கேட்காமல் இருக்கலாமா?

கேள்வி கேட்பவனுக்கு முதலில் தன் வாசல் சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே மகளிர் குழுவில் கூடிப் பேசிச் சில முடிவுகளைக் கொண்டு வந்திருக்கிறோம். சங்கம் இவற்றை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நட்சத்திரம் நாமே செய்வோம். வரும் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் இதே மண்டபத்தில் மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் பசையும் இருக்கும். மூங்கில் சீவத் தெரிந்த பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாருங்கள். மெழுகுவத்திக்குப் பதில் ஒரு சிறு பல்பு போடுவோம். நம் சந்தில் தீ பரவினால் நிற்காது. மரத்துக்குத் தொட்டிச் செடி ஒன்று போதும். கறிவேப்பிலைச் செடி வைத்தால் பண்டிகை முடிந்ததும் குழம்புக்கும் ஆகும். குடிலுக்குக் கோணியும் வைக்கோலும் பழைய அட்டையும் போதும். தெர்மோகோல் வேண்டாம் என்று அவரவர் கோயிலிலும் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு, விருந்துக்குப் பிளாஸ்டிக் தட்டும் காகித டம்ளரும் கிடையாது. காகித டம்ளர் என்கிறோமே, அதன் உள்பக்கத்திலும் பிளாஸ்டிக் பூச்சுத்தான். இந்த ஆண்டு மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் சங்கம் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கியிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, எந்த மத விழாவானாலும் உறுப்பினர்கள் வாடகையில்லாமல் எடுத்துப்போகலாம். எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று, பரிசுக்குப் பளபளத் தாள் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடையிலேயே ஒரு மூலையைக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். சட்டென்று விரிந்தால் பிளாஸ்டிக். ஜிகினாத் தூள் ஒட்டியிருந்தால் அதுவும் வேண்டாம். நல்ல துண்டில் முடிந்து கொடுங்கள், துண்டும் பரிசாகிவிடும்.

நான்கு, குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். ஈரம் தனி, உலர்ந்தது தனி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே இது சொல்லப்பட்டுவிட்டது. உடைந்த கண்ணாடி உருண்டை, பல்பு, பேட்டரி இவற்றைத் தடித்த தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அந்தக் குறியைப் பார்த்தால் பிரிக்கிறவள் கையை விலக்கிக்கொள்வாள். ஒரு கோடு போட உங்களுக்கு அரை நிமிஷம். எங்களுக்கு அது விரல்.

ஐந்து, பண்டிகைக்குக் கடன் வேண்டாம். தவணையில் வாங்குவதும் கடன்தான். கைபேசியில் பத்து நிமிஷத்தில் கிடைக்கிற கடன், பத்து மாதம் வாசலில் நிற்கும். ஜனவரி முதல் மாதம் நூறு ரூபாய் என்று மகளிர் குழு டிசம்பர்ச் சேமிப்பு தொடங்குகிறது. புதுத்துணிக்கும் இறைச்சிக்கும் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டுக்கும் அதில் எடுத்துக்கொள்ளலாம்.

இவை நமக்கு நாம் இட்டுக்கொள்ளும் கட்டளைகள். அரசிடம் கேட்க வேண்டியவை வேறு. அதே 2016 விதிகள் குப்பை பொறுக்குவோரையும் பிரிப்போரையும் அங்கீகரித்து முறைப்படி சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தன. எனவே அடையாள அட்டை, கையுறை, முகக்கவசம், ஆண்டுக்கொருமுறை நுரையீரல் பரிசோதனை இவற்றைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்போம். பிளாஸ்டிக் பொதி செய்து விற்கும் கம்பெனிகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பொறுப்புக்காகச் செலவாகும் பணம், உண்மையிலேயே கையால் பிரிக்கிறவளின் கூலியில் வந்து சேர வேண்டும். விலை போகாத ஜிகினாவுக்கும் உறைக்கும்கூடப் பிரிக்கிற கூலி கிடைக்க வேண்டும். இன்னொன்று, குப்பைமேட்டின் மேல் எங்களைக் குடிவைக்காதே என்று உரத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கைகள் எழுதிய மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் கேக் சாப்பிட வேண்டாம்! கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வையுங்கள்; குப்பை பிரித்துத் தேய்ந்துபோன ரேகை என்றாலும் பரவாயில்லை, அதுவே ஒரு சாட்சிதான்.

தோழர்களே, பெரிய மனிதர்கள் செய்கிற குப்பையை நாம் ஒருவரே நிறுத்திவிட முடியாது. ஆனால் அடுத்த ஜனவரியில் ஒரு கோணியை நான் கவிழ்க்கும்போது, அதற்குள் நம் சந்திலிருந்து வந்த ஜிகினா ஒரு முழம்கூட இல்லை என்று தெரிந்தால், அன்றைக்கு மால்காரன் முன்னாலும் மந்திரி முன்னாலும் நிமிர்ந்து நின்று பேச எனக்குத் துணிவு வரும். அந்தத் துணிவை எனக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குழந்தைகள் கேக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன். தட்டு எல்லாம் எவர்சில்வர். சாப்பிட்டு முடிந்ததும் கழுவ வேண்டும். அந்த வேலைக்கு ஆண்களும் வர வேண்டும் என்று மகளிர் குழுவின் சார்பில் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூறி விடைபெறுகிறேன்.